பழைய பஸ்ஸை வீடாக்கலாமா? முதலில் தரையைக் கழற்றிப் பாருங்கள்

தம்பி ஒருவர் கேட்டிருந்தார். மாமாவின் பஸ், லேலண்ட் வைக்கிங், திருகோணமலை-கொழும்பு பாதையில் ஓடி முடிந்து இப்போது வளவுக்குள் நிற்கிறது. பழைய இரும்புக்காரர் விலை கேட்கிறார், மாமாவுக்குக் கொடுக்க மனமில்லை. இருக்கைகளைக் கழற்றிவிட்டு கட்டில், குசினி, கழிவறை போட்டு குடும்பத்தோடு நாடு சுற்றவும், சீசனில் நிலாவெளிப் பக்கம் நிறுத்தி அதிலேயே தங்கவும் மாற்றலாமா, எங்கே தொடங்குவது என்பதுதான் கேள்வி.

மாற்றலாம் தம்பி. நான் இந்தக் கரையோரத்தில்தான் பஸ் பொடி, அதாவது வண்டியின் மேற்கூடு, வேலையும் வயரிங்கும் செய்கிறேன், இந்த வேலை இங்கே முடியாத காரியம் இல்லை. ஆனால் நீங்கள் வீடியோக்களில் பார்க்கிற பஸ் வீடுகள் பெரும்பாலும் குளிர் நாட்டில் கட்டியவை. அவர்களுக்குக் குளிரை வெளியே நிறுத்துவதுதான் முதல் கவலை. நமக்கு உப்புக்காற்று, வெயில், மாரி மழை மூன்றும் ஒன்றாக வருகின்றன, இந்த மூன்றும் சேர்ந்து தாக்குவது உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதாவது பலகைக்குப் பின்னால், தரைக்குக் கீழே, சீலிங்குக்கு மேலே. அதனால் இந்தப் பதில் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: எதை மூடினாலும் மறுபடி திறந்து பார்க்கக்கூடிய மாதிரி மூடுங்கள்.

முதலில் கடதாசி வேலை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸின் பதிவுப் புத்தகத்தில் வாகன வகுப்பும் இருக்கை எண்ணிக்கையும் இருக்கும். இருக்கையைக் கழற்றி வேறு ஒன்றாக மாற்றினால் அந்தப் புத்தகமும் மாற வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே விசாரித்து, எந்த வகுப்பில் மாற்றித் தருவார்கள், என்ன வரைபடம் வேண்டும், பரிசோதகர் என்ன பார்ப்பார் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கிரைண்டரைக் கையில் எடுங்கள். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, காப்புறுதி எல்லாம் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் நடக்கும். ஓட்டுகிறவரின் அனுமதிப்பத்திரமும் பொருந்த வேண்டும், 33 இருக்கைக்கு மேற்பட்ட பஸ்ஸுக்கு டி வகுப்பு, அதற்குட்பட்டதற்கு டி1. மாற்றிய பிறகு எந்த வகுப்பு தேவைப்படும் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். டிப்போவில் கழித்து ஏலம் போகிற இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸை எடுக்கலாம் என்று யாராவது யோசித்தால் இன்னும் கவனம் தேவை. பதிவு இரத்தாகி இரும்பு விலைக்குப் போகிற வண்டியைத் திரும்பத் தெருவில் இறக்க முடியுமா என்று தெரியாமல் காசைக் கட்டவே கூடாது.

இனி பஸ்ஸைப் பார்ப்போம். ஒரு பெரிய டோர்ச், சுத்தியல், தட்டை முனை ஸ்குரூட்ரைவர் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நடைபாதையில் ஒட்டியிருக்கிற ரெக்சினை ஒரு மூலையில் கிழித்துத் தரைப் பலகையைத் தூக்குங்கள். முக்கியமாக பின் சில்லு வளைவுக்கு மேலேயும், முன் படிக்கட்டுக்குப் பக்கத்திலும், பற்றரிப் பெட்டிக்கு மேலேயும் தூக்கிப் பாருங்கள். மழைக்காலத்தில் பயணிகளின் குடையிலிருந்தும் காலிலிருந்தும் வடிந்த தண்ணீர் இந்த இடங்களில்தான் வருஷக்கணக்காகத் தேங்கியிருக்கும். பற்றரிப் பக்கம் அமிலமும் சேர்ந்திருக்கும். வண்டி முழுவதையும் தாங்குகிற செசியின் இரண்டு நீளக் கால்களிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, பொடியைத் தாங்குகிற குறுக்குத் துண்டுகள் இருக்கின்றனவே, அவற்றை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், சுத்தியல் துள்ளும். போன இரும்பு மந்தமாகக் கேட்கும், பொருக்குப் பொருக்காக உதிரும். பெயின்ற் கொப்பளித்து நிற்கிற இடத்தில் ஸ்குரூட்ரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். மேல் பொருக்கு மட்டும் கழன்று கீழே கறுத்த, கெட்டியான இரும்பு வந்தால் பிழைத்தது. முனை உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டும்.

குறுக்குத் துண்டுகள், பக்கச் சுவரின் அடிச்சட்டம், தூண்களின் கால் பகுதி இவையெல்லாம் மாற்றக்கூடியவை. பொக்ஸ் பாரும் (சதுர இரும்புக் குழாய்) ஒரு நல்ல ஒட்டுவேலைக்காரரும் இருந்தால் போதும். ஆனால் செசியின் நீளக் காலே அடுக்கடுக்காகப் பிரிந்து வீங்கியிருந்தால், குறிப்பாக வில் தகடுகள் பூட்டியிருக்கிற இடத்தில் அப்படி இருந்தால், மாமாவின் பஸ் என்ற பாசத்தை அங்கேயே நிறுத்திவிட்டு வேறு வண்டி பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் முழுதாகத் திறந்தார்கள், அந்த வருடங்களில் பழைய வண்டியின் பாகங்களுக்கு நல்ல கேள்வி இருந்தது. எஞ்சினும் கியர்பொக்ஸும் அச்சும் நன்றாக இருந்தால் இரும்பு விலைக்குக் கொடுக்கத் தேவையில்லை, பாகமாகவே விற்கலாம்.

வேறு வண்டி என்று வந்தால், நான்கு பேர் குடும்பத்துக்கு என் தெரிவு மிட்சுபிஷி ரோசாவோ டொயோட்டா கோஸ்டரோ மாதிரிச் சின்ன பஸ்தான். இரண்டும் சுமார் 7 மீற்றர் நீளம், 2 மீற்றர் சொச்சம் அகலம். உப்புவெளி ஒழுங்கைகளுக்குள் மின்கம்பியில் முட்டாமல் நுழையும், எல்ல என்ற மலையூர்ப் பக்கம் வளைவுகளில் பின்னால் வருகிறவனை மறிக்காது, டீசலும் குறைவு. லேலண்ட் 10 மீற்றருக்கு மேல். உள்ளே தாராளமான இடம், செசி முரட்டுத்தனம், எந்த ஊரில் நின்றாலும் பாகமும் மெக்கானிக்கும் கிடைப்பார்கள். ஆனால் அதைத் திருப்ப ஒரு சந்தி வேண்டும். பெரும்பாலும் ஒரே இடத்தில் நிறுத்தித் தங்குவதென்றால் லேலண்ட் அருமை. வாரக் கடைசியில் ஒவ்வொரு ஊருக்கும் ஓடுவதென்றால் அது உங்களைக் களைக்க வைத்துவிடும்.

சரி, உங்கள் லேலண்டின் செசி நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றுங்கள். இருக்கை, சீலிங், பக்கத் தகடு, பழைய ஸ்பீக்கர் வயர், எல்லாம். வெறும் எலும்புக்கூடு தெரிய வேண்டும். கம்பித் தூரிகையாலும் கிரைண்டராலும் துருவை எடுத்து, மிச்சத்துக்குத் துரு மாற்றி அமிலம் பூசி, நன்றாகக் கழுவிக் காயவைத்து, இரண்டு பாகம் கலக்கிற எபொக்சி பிரைமர் அடியுங்கள். கடைகளில் கிடைக்கிற சாதாரண ரெட் ஒக்சைட் மட்டும் போதாது, கடற்கரையில் இரண்டு மாரி தாங்காது. அலுமினியத் தகடு இரும்புச் சட்டத்தில் நேரடியாக உட்காருகிற இடங்களில், ரிவெட்டைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்திருப்பதைப் பார்ப்பீர்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். திரும்பப் பூட்டும்போது இடையில் பியூட்டைல் நாடா ஒட்டிப் பூட்டுங்கள்.

பொடியின் அடிச்சட்டத்தில் தண்ணீர் வடிவதற்கென்று சின்னத் துளைகள் இருக்கும். அவை அடைபட்டிருந்தால் கம்பி விட்டுத் திறவுங்கள், எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள். நுரை அடிக்கிற ஆட்கள் சுவருக்குள் மேலிருந்து கீழ் வரை நுரையை நிரப்பித் தந்துவிட்டுப் போவார்கள், பார்க்க நன்றாக இருக்கும். அந்த நுரை துளையை அடைத்து, கண்ணாடி ஓரத்தால் இறங்குகிற தண்ணீரைச் சட்டத்துக்குள்ளேயே பிடித்துவைக்கும். அப்படிச் செய்து, உள்பக்கம் பலகையைப் பசை போட்டு ஒட்டியிருந்த ஒரு வண்டியை நான் திறந்திருக்கிறேன். வெளியே பெயின்ற் பளபளவென்று இருந்தது, உள்ளே தூணின் கால் கையால் கிள்ளினால் வந்தது. பலகையை ஸ்குரூவில் பூட்டியிருந்தால் உரிமையாளர் ஒரு பின்னேரத்தில் கழற்றிப் பார்த்து, ஒரு தூணோடு முடித்திருப்பார்.

வெப்பத் தடைக்கு எல்லோரும் முதலில் ஓடுவது ரெஜிபோமுக்கு (தெர்மோகோல்), மலிவு, இலேசு. ஆனால் அது தீப்பிடித்தால் கரும்புகை கக்கும். மின் வயரின் உறை அதில் தொட்டுக்கொண்டே இருந்தால் நாளடைவில் உறை இறுகி வெடிக்கும். வயரைக் குழாய்க்குள் விட்டால் இரண்டாவது பிரச்சினை தீரும், முதலாவது தீராது. கண்ணாடிப் பஞ்சு ஈரத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும், இந்தக் காற்றுக்கு வேண்டவே வேண்டாம். ஈரம் குடிக்காத, மூடிய துளை நுரைப் பலகையை அளவாக வெட்டி, கீழே இரண்டு விரல் இடைவெளி விட்டுச் செருகுவதுதான் என் வழி. நாளைக்குக் கழற்றலாம், மறுபடி செருகலாம். கூரைக்கு இருப்பதிலேயே தடித்ததைப் போடுங்கள், வெயில் இறங்குவது அங்கேதான். கூரையின் வெளிப்பக்கம் வெள்ளை அடியுங்கள். சோலார் பலகையைக் கூரையிலிருந்து ஐந்தாறு சென்ரிமீற்றர் உயர்த்திப் பூட்டினால் அதுவே கூரைக்கு நிழல், காற்று கீழால் ஓடுவதால் பலகையும் சூடு குறைந்து கூட உற்பத்தி தரும்.

ஜன்னல்களை எல்லாம் வைத்திருக்க ஆசை வரும். ஒவ்வொரு சறுக்குக் கண்ணாடியும் ஒவ்வொரு ஒழுக்கு. கட்டில், அலுமாரி, கழிவறை வரும் பக்கம் பாதியைத் தகடு போட்டு மூடுங்கள். மூடும்போது தூணை வெட்டாதீர்கள், கூரையின் பாரத்தைத் தாங்குவது தூண்தான். அவசரகால வழியைத் திறக்கும் நிலையில் விட்டுவிடுங்கள், அதற்குக் குறுக்கே கட்டில் வரக்கூடாது. கூரைப் பொருத்துகளுக்கு பொலியூறித்தேன் சீலன்ற் அடியுங்கள், சிலிக்கன் வேண்டாம். சிலிக்கனுக்கு மேல் பெயின்ற் பிடிக்காது, பழைய சிலிக்கனுக்கு மேல் புதிய சிலிக்கனும் சரியாகப் பிடிக்காது.

தளபாடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நம் தச்சு பாஸ்மாருக்குத் தெரியாததில்லை. ஆனால் அவர்கள் வீட்டுக்குச் செய்கிற கனத்தில் செய்வார்கள், அதைத் தடுக்க வேண்டும். மெலமைன் பலகை ஈரத்தில் ஊதும், பாரமும் கூட. மரைன் பிளைவுட்டும், சட்டத்துக்கு லுனுமிதெல்ல மாதிரி இலேசான மரமும் போதும். 54 பயணிகளை ஆளுக்கு 65 கிலோ என்று பார்த்தாலே மூன்றரை டன் வருகிறது, அந்தப் பாரத்தைச் சுமந்த வண்டிக்கு உங்கள் அலுமாரி பெரிதில்லை என்பது உண்மைதான். ஆனால் பயணிகள் இரண்டு பக்கமும் பரவி இருந்தார்கள். நீங்கள் தண்ணீர்த் தொட்டி, குளிர்சாதனப் பெட்டி, பற்றரி மூன்றையும் ஒரே பக்கம் வைத்தால் வண்டி சாயும், கடுகண்ணாவ வளைவில் அது உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்ததும் நிறை பார்க்கிற இடத்தில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். ஓடும்போது எல்லோரும் உட்காருவதற்கு, கழற்றிய முன்னோக்கிய பழைய இருக்கைகளில் தேவையான அளவை அவற்றின் பழைய இடத்திலேயே திரும்பப் பூட்டி பெல்ட் போடுங்கள். பக்கவாட்டு சோபாவில் பிள்ளைகளை வைத்து ஓட்டக்கூடாது.

மின்சாரம்தான் நான் அதிகம் பார்க்கிற வேலை, அதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பஸ் 24 வோல்ற், இரண்டு 12 வோல்ற் பற்றரி தொடராக. பழைய பஸ்களில் ரேடியோவுக்காக ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ற் எடுத்திருப்பார்கள், அந்தப் பழக்கத்தை வீட்டு வேலைக்குக் கொண்டுவராதீர்கள். ஒரு பற்றரி மட்டும் வடியும், மற்றது மிகையாக ஏறும், இரண்டும் போய்விடும். வீட்டுப் பகுதிக்குத் தனிப் பற்றரி, அதையும் 24 வோல்ற்றிலேயே வையுங்கள். 1200 வாற் இழுக்க 12 வோல்ற்றில் 100 அம்பியர் ஓட வேண்டும், 24இல் 50 போதும், வயரின் தடிப்பும் சூடும் அதோடு குறைகிறது. 12 வேண்டிய சாமான்களுக்கு ஒரு கொன்வேர்ட்டர் போடலாம்.

கணக்கு இப்படி வரும். 10 மீற்றர் கூரையில் 550 வாற் பலகை நான்கு வைக்கலாம். இங்கத்தைய நல்ல வெயில் நாளில் 8 யூனிட் வரை எதிர்பார்க்கலாம், மாரியில் பாதிகூட வராத நாட்கள் இருக்கும். நாம் 8 பாகைச் சொச்ச அகலாங்கில் இருப்பதால் பலகையைச் சரிக்கிற சட்டமெல்லாம் தேவையில்லை, படுக்கையாகவே பூட்டுங்கள். 25.6 வோல்ற் 200 அம்பியர்-மணி லிதியம் பற்றரி ஒன்றில் 5 யூனிட் சொச்சம். 9000 பீ.ரி.யூ. இன்வேர்ட்டர் ஏசி இரவு முழுக்க ஓடினால், உங்கள் வெப்பத் தடை நன்றாக இருந்தால், 4 யூனிட் அளவில் முடியும். மின்விசிறி, லைற், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் மிச்சத்தில். அதாவது சீசனில் ஏசியோடு இருக்கலாம், மாரியில் இருக்க முடியாது, மாரியில் தேவையும் இல்லை. ஈய-அமிலப் பற்றரியில் பாதியைத்தான் நம்பிப் பாவிக்கலாம், இதே அளவுக்கு இரண்டு மடங்கு கொள்ளளவு வேண்டும், பாரமோ அதைவிடப் பல மடங்கு கூடும்.

பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. ஆடுகிற வண்டியில் வயர் எங்காவது உராய்ந்து செசியைத் தொட்டால், அந்த ஃபியூஸ் ஒன்றுதான் உங்களையும் தீயையும் பிரித்து வைக்கும். 230 வோல்ற் பக்கத்துக்கு வீட்டில் போடுகிற மாதிரியே ட்ரிப் ஸ்விட்ச் போட்டு, பொடியையும் எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள். அப்புறம், புதிய எஞ்சின் உள்ள வண்டியானால் ஒட்டுவேலைக்கு முன் பற்றரியையும் எஞ்சின் கணினியின் இணைப்பையும் கழற்றாமல் யாரையும் தொடவிடாதீர்கள்.

காஸ் விஷயத்தில் நான் பயமுறுத்தத் தேவையில்லை, 2021 கடைசியில் நாடு முழுக்க நடந்த காஸ் வெடிப்புகள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் கீழே தேங்கும். 5 கிலோ சிலிண்டரை வெளிப்பக்கமிருந்து மட்டும் திறக்கிற தனிப் பெட்டியில் வையுங்கள், பெட்டியின் அடியில் திறந்த துவாரம் இருக்க வேண்டும், எஞ்சின் புகைக்குழாய் அந்தப் பக்கம் இருக்கக்கூடாது. சோலார் தாராளமாக இருந்தால் மின் அடுப்போடு நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது.

கழிவறைக்கு வெளிநாட்டுக்காரர் புகழ்கிற உலர் கழிவறை நமக்குச் சரிவராது. நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள், அது ஈரம் பட்டால் நாறும். 20 லீற்றர் பெட்டிக் கழிவறையும் கழுவுகிற தண்ணீரிலேயே நிரம்பிவிடும், குடும்பத்துக்கு ஒரு நாள் தாங்காது. செசிக்குக் கீழே 120, 150 லீற்றர் கழிவுத் தொட்டி வைத்து, கழிவை உறிஞ்சி எடுக்கிற கலி பவுசர் வண்டியின் குழாய் பூட்டுகிற அளவில் வாய் விடுங்கள். உள்ளூராட்சி சபையில் காசு கட்டி வரவழைக்கலாம். கடற்கரை மணலில் திறந்துவிடுகிற வேலை வேண்டாம், அந்த ஊர்க் கிணறுகள் ஆழமில்லாதவை. குளியல் தரைக்கு ஓடு பதிக்க நினைக்காதீர்கள், ஆட்டத்தில் வெடிக்கும். நம் ஊரில் ஃபைபர் வள்ளம் செய்கிறவர்களிடம் அளவு கொடுத்தால் மூலை வளைந்த, ஒரே துண்டான தட்டு செய்து தருவார்கள். நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் தடுப்புத் தகடு இருக்க வேண்டும், 200 லீற்றர் என்றால் 200 கிலோ, பிரேக் பிடிக்கும்போது அது முன்னால் பாயும்.

நீண்ட நாள் நின்ற பஸ்ஸில் ரயர் பூ நன்றாக இருந்தாலும் ஏமாறாதீர்கள், பக்கத்திலுள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் ரயர் செய்த வாரம், பின் இரண்டு இலக்கம் செய்த வருடம். பழையதென்றால் மாற்றத்தான் வேண்டும். காற்றுத் தாங்கியின் கீழ்த் திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடியுங்கள், நம் ஈரக் காற்றில் அது நிறையச் சேரும், பிரேக் வால்வுகளை அரிக்கும். முதல் ஓட்டம் கந்தளாய் வரைக்கும் போதும். குளத்தடியில் ஒரு இரவு நின்று பார்த்தால் எது ஆடுகிறது, எது ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். ஹபரணைப் பக்கம் போவதென்றால் இருட்டுமுன் போய்ச் சேருங்கள், அந்தப் பாதையில் யானை வரும்.

நிலாவெளியில் நிறுத்தும்போது கடலை ஒட்டி நிறுத்த ஆசைப்படுவீர்கள். தென்னைக்கு உள்ளே, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள், தேங்காய் விழுகிற நிழலில் வேண்டாம். மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் காற்று தரைப் பக்கமிருந்து சூடாக அடிக்கும், வாசல் கடல் பக்கம் பார்த்து இருக்கட்டும். ஒவ்வொரு தங்கலுக்குப் பிறகும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். அங்கே சில கிணறுகள் உவர், அந்தத் தண்ணீரால் கழுவினால் பயனில்லை, வீட்டுக்கு வந்து கழுவுங்கள்.

வேலையை எப்போது தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். சித்திரை கழிந்ததும் கழற்றுங்கள். துரு வேலையும் பிரைமரும் கூரையும் ஜன்னலும் புரட்டாதிக்குள் முடிந்துவிட வேண்டும், ஈரக் காற்றில் அடிக்கிற பிரைமர் நிற்காது. பிறகு உள்ளே பலகை, சீலிங் எதுவும் அடிக்காமல் பஸ்ஸைத் திறந்த வெளியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிற்கவிடுங்கள். பெரிய மழை பெய்கிற இரவுகளில் டோர்ச்சோடு உள்ளே போய், ஒழுகுகிற இடத்தையெல்லாம் சோக்கால் வட்டம் போட்டு வையுங்கள். கூரையில் விழுந்த தண்ணீர் சட்டத்தோடு ஓடி வேறு எங்கோ வந்து சொட்டும், அதனால் சொட்டுகிற இடத்தோடு நிற்காமல், ஈரம் மேலே எங்கே தொடங்குகிறது என்று பார்த்து அங்கேயும் குறியிடுங்கள். மார்கழியில் மழை விடுகிற நாட்களில் அவற்றை அடைத்து, அடுத்த மழையில் திரும்பப் பாருங்கள். தை பிறந்து, ஒரு பெரிய மழைக்கும் உள்ளே காய்ந்திருந்தால் பலகை அடிக்கலாம், ஸ்குரூவில். 316 ரகத் துருவேறா ஸ்குரூ வாங்குங்கள், விலை கூடத்தான், ஆனால் ஐந்து வருடம் கழித்தும் கழலும்.